குடி மறுவாழ்வு ஆலோசகராக என்ன படிக்க வேண்டும்?

கேள்வி: எனக்கு 32 வயது. பி.காம். முடித்துவிட்டு திருச்சியில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். என் கணவர் ஏழு வருடம் குடித்தார். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். அன்றிலிருந்து தொடவில்லை. அங்கே எங்களிடம் பேசிய ஆலோசகர் அம்மாவைப் போல நானும் ஆக வேண்டும் என்று ஆசை. ஒரு நிறுவனத்துக்கு போன் செய்து கேட்டேன். மூன்று மாத ஆன்லைன் வகுப்பு, 28,000 ரூபாய், முடித்ததும் 'அரசு லைசென்ஸ்' என்கிறார்கள். சேரலாமா? உண்மையில் இதற்கு என்ன படிக்க வேண்டும்? என் கணவரும் இந்த வேலைக்கு வரலாமா? மாமனார், "வீட்டுல பட்டது போதாதா, ஊர்ப் பாரத்தையும் சுமக்கணுமா?" என்கிறார்.
ஆர்., திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த 28,000 ரூபாயைக் கட்டாதீர்கள். இந்தியாவில் போதை மறுவாழ்வு ஆலோசகர் என்ற பெயரில் அரசு கொடுக்கும் லைசென்ஸ் எதுவும் இன்று கிடையாது. இல்லாத ஒன்றைத் தருகிறேன் என்பவர் வகுப்பில் என்ன சொல்லித்தரப் போகிறார் என்பதையும் யோசியுங்கள். அமெரிக்காவில் இந்த வேலைக்கென்றே தேர்வு, பயிற்சி மணிநேரம், உரிமம் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் இருக்கின்றன. அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் குழப்பத்தில்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது.

நம் சட்டத்தில் இருப்பது இதுதான். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலப் பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்தது. அதனால் மறுவாழ்வு மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் போன்றவர்களுக்கு அந்தச் சட்டத்தில் தனி இடம் உண்டு. வெறும் 'ஆலோசகர்' என்பவருக்கு இல்லை. மருத்துவ உளவியலாளர் என்று போர்டு மாட்ட வேண்டுமானால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு எண் வாங்க வேண்டும். அதற்கு உளவியல் முதுகலையும் அதற்கு மேல் மருத்துவமனைப் பயிற்சியும் தேவை. பி.காம். படித்த உங்களுக்கு அது சுற்றுவழி. அப்புறம் 2021-இல் துணை மருத்துவத் தொழில்களுக்காக ஒரு மத்தியச் சட்டம் வந்திருக்கிறது. அதன் அட்டவணையில் ஆலோசகர்களும் சமூகப் பணியாளர்களும் வருகிறார்கள். அந்தப் பதிவு முறை முழுதாக நடைமுறைக்கு வரும் நாளில் முறையான பட்டம் இல்லாதவர்கள் சிரமப்படுவார்கள் என்பது என் கணிப்பு. அதனால்தான் குறுக்குவழி வேண்டாம் என்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி எம்.எஸ்.டபிள்யூ. சமூகப் பணியில் இரண்டு வருட முதுகலைப் படிப்பு. பெரும்பாலான கல்லூரிகளில் எந்தப் பட்டம் முடித்தவரும் சேரலாம், பி.காம். தடையில்லை. உங்கள் ஊரிலேயே பிஷப் ஹீபர் கல்லூரியில் இருக்கிறது. சென்னைக்குப் போக முடிந்தால் 1952-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இருக்கிறது. மருத்துவ, மனநலச் சமூகப் பணியைச் சிறப்புப் பாடமாக எடுங்கள். இந்தப் படிப்பின் உயிரே களப்பணிதான். வகுப்பில் படித்ததை அந்த வாரமே ஒரு மருத்துவமனையிலோ மையத்திலோ போய்ச் செய்ய வேண்டும். செய்ததை எழுதிக்கொண்டு வந்தால் ஆசிரியர் வரிக்கு வரி கேள்வி கேட்பார். ஒரு ஆலோசகரை உருவாக்குவது அந்தக் கேள்விகள்தான். கடை வேலையை விடாமல் அஞ்சல்வழியில் உளவியல் படிக்கலாமே என்று யாராவது சொன்னால், அந்தக் கதவு மூடிவிட்டது: 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலில் தொலைதூர, ஆன்லைன் சேர்க்கை கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது.

குறுகிய காலப் பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் கீழ் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் இருக்கிறது. போதைத் தடுப்புப் பணியாளர்களுக்கு அவர்கள் பயிற்சி நடத்துகிறார்கள். அந்த அமைச்சகத்தின் நிதியில் நடக்கும் மறுவாழ்வு மையங்களில் ஆலோசகர் பணிக்குப் பட்டப்படிப்போடு கள அனுபவமும் பயிற்சியும் எதிர்பார்ப்பார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போதை மருத்துவத்துக்கென்றே தனி மையம் உண்டு. அப்புறம், கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு அமைப்பு வளர்த்தெடுத்த ஐகேப் என்ற சர்வதேசத் தேர்வுச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. நல்ல பாடத்திட்டம். ஆனால் அதுவும் சான்றிதழ்தான், லைசென்ஸ் அல்ல. இவையெல்லாம் பட்டத்தின் மேல் போட்டுக்கொள்ள வேண்டியவை.

இவ்வளவு படிப்பு எதற்கு, ஏழு வருடம் நான் படாததா என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம். அதனால் என் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த முதல் வருடம். ஒரு கொத்தனார், நாற்பது வயது இருக்கும், மனைவியோடு வந்து உட்கார்ந்தார். கை நடுங்கியது, சட்டையெல்லாம் வேர்வை. முந்தைய நாள் காலையிலேயே நிறுத்திவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னார். பயத்தில் நடுங்குகிறார் என்று நினைத்து முக்கால் மணிநேரம் ஆறுதலாகப் பேசினேன். தண்ணீர் கொடுத்தேன். அந்தப் பக்கம் வந்த நர்ஸ் அக்கா அவர் கையைப் பார்த்துவிட்டு, "இது பயம் இல்ல, டாக்டரக் கூப்பிடுங்க" என்றார். டாக்டர் வந்து ஊசி போட்டார். அன்று ராத்திரியே அவருக்கு வலிப்பு வந்தது. மருத்துவமனையில் இருந்ததால் பிழைத்தார். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறி இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரியலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். எனக்கு அது அன்று தெரியாது. அன்பு நிறைய இருந்தது, அறிவு இல்லை. அந்த முக்கால் மணிநேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இரண்டாவது விஷயம், பேசும் முறை. ஒருவர் வந்து, "மூட்டை தூக்குற உடம்பு, வலி தாங்கல, அதான் ராத்திரி ஒரு குவாட்டர்" என்கிறார். புதிதாக வந்தவர் உடனே கல்லீரலில் ஆரம்பித்துப் பிள்ளைகளின் படிப்பு வரை சொல்லிவிடுவார். எதிரே இருப்பவர் இதையெல்லாம் நூறு முறை கேட்டவர். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். பயிற்சி பெற்றவர், "வலி தாங்காமத்தான் குடிக்கிறீங்க. மறுநாள் காலையில வலி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புதான் கஷ்டம். "காலைல இன்னும் மோசம்தான்" என்று அவரே சொல்லும்போது, மாறுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வருகிறது. வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983-இல் எழுதத் தொடங்கி, பிறகு ஸ்டீஃபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்த முறை இது. படித்தால் எளிதாகத் தெரியும். ஒரு குடிகாரரின் மனைவியாக ஏழு வருடம் கெஞ்சியும் திட்டியும் பழகியவருக்கு இது எளிதே அல்ல. உங்கள் எதிரே உட்காரும் ஒவ்வொரு ஆணிடமும் உங்கள் கணவரின் பழைய முகம் தெரியும். மனைவி அழுதால் அவள் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். இதைக் கவனித்துச் சொல்ல மேலே ஒரு மூத்தவர் வேண்டும். எந்த மையத்தில் வேலைக்குப் போனாலும் சம்பளம் கேட்பதற்கு முன்பு, "என் கேஸை வாரம் ஒரு முறை யாரோடு உட்கார்ந்து பேசலாம்?" என்று கேளுங்கள். அப்படி ஒருவர் இல்லாத இடத்துக்குப் போகாதீர்கள்.

போகவே கூடாத இடமும் உண்டு. வண்டியில் வந்து ஆளைக் கட்டித் தூக்கிப் போவது, அடிப்பது, சங்கிலி போடுவது, மாதக்கணக்கில் வீட்டாரைப் பார்க்க விடாமல் பூட்டிவைப்பது எல்லாம் சில இடங்களில் சிகிச்சை என்ற பெயரில் நடக்கின்றன. சங்கிலியால் கட்டுவதை நான் மேலே சொன்ன சட்டம் வெளிப்படையாகவே தடை செய்கிறது. அங்கே போய் நல்லது செய்யலாம் என்று நினைக்காதீர்கள். உங்கள் முகத்தைக் காட்டித்தான் அவர்கள் குடும்பங்களை நம்ப வைப்பார்கள்.

கணவர் வரலாமா என்று கேட்டீர்கள். வரலாம். மறுவாழ்வு மையங்களில், போதையிலிருந்து மீண்டு ஓரிரு வருடம் சுத்தமாக இருப்பவர்களுக்கென்றே சக வழிகாட்டி என்ற பணி உண்டு. அவருக்கு அது பொருந்தும். பட்டம் இருந்தால் பின்னால் ஆலோசகராகவும் ஆகலாம். ஆனால் அது அவராக எடுக்கும் முடிவாக இருக்கட்டும், நீங்கள் அவருக்குப் போட்டுக் கொடுக்கும் பாதையாக வேண்டாம். குடியைப் பற்றியே நாள் முழுதும் கேட்கும் வேலை இது. சிலரை அது இன்னும் உறுதியாக்கும், சிலரைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். குடியை விட்டவர்கள் ஒன்றுகூடித் தங்கள் அனுபவத்தைப் பேசும் ஏ.ஏ. கூட்டத்துக்கு அவர் போகிறவரானால், வேலைக்கு வந்த பிறகும் அதை விடக் கூடாது. அங்கே அவர் இன்னொருவருக்கு வழி சொல்பவர் அல்ல, தான் பட்டதைச் சொல்லிக்கொள்ளும் ஆள். அந்த இடம் அவருக்கு என்றைக்கும் வேண்டும். இன்னொன்று, நீங்கள் எவ்வளவு படித்தாலும் அவருக்கு ஆலோசகர் ஆகாதீர்கள். அவருக்கு மனைவியாக இருங்கள், அது போதும்.

ஆலோசகரை ஆற்றுப்படுத்துநர் என்றும் சொல்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த சொல். சங்க கால ஆற்றுப்படையில், பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் வறிய பாணனை நிறுத்தி, எந்த வழியில் போனால் யாரைப் பார்க்கலாம் என்று சொல்வான். அவன் சொல்லும் வழி அவன் நடந்த வழி. உங்களிடம் அது இருக்கிறது, எந்தக் கல்லூரியாலும் அதைத் தர முடியாது. சென்னையில் குடிநோய்ச் சிகிச்சைக்கான டி.டி.கே. மருத்துவமனையை நடத்தும் அறக்கட்டளையை 1980-இல் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிக்கு இழந்தவர். 1992-இல் பத்மஸ்ரீ வாங்கினார். அவரும் துக்கத்தோடு நின்றுவிடவில்லை, இதற்கான பயிற்சியைத் தேடிப் போய்க் கற்றார்.

ஆட்கள் தேவை என்பதில் சந்தேகமே வேண்டாம். 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருந்தது. மீதி 37 பேர் வீட்டில்தான் இருக்கிறார்கள். சம்பளம் பெரிதாக இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். தொண்டு நிறுவன மையங்களில் ஆரம்பச் சம்பளம் உங்கள் ஜவுளிக் கடையைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். இரண்டு வருடக் கல்லூரிச் செலவையும் வருமான இழப்பையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். கணக்கு உங்களுக்குத் தெரிந்த வேலை.

சேர்வதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கணவர் குணமான மையத்திலேயே, ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தார் கூட்டத்துக்கு நாற்காலி போடும் வேலையாவது கேட்டு வாங்கி மூன்று மாதம் போய்ப் பாருங்கள். வேறு மையம் பார்க்க வேண்டுமானால் 14446 என்ற இலவச எண்ணில் அரசு நிதியில் நடப்பவை எங்கே இருக்கின்றன என்று சொல்வார்கள். குணமாகிப் போனவர் நான்காவது மாதம் மறுபடி குடித்துவிட்டு வந்து நிற்பார். அன்றைக்கு உங்கள் மனம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அவர் மேல் கோபம் வராமல், "சரி, வாங்க, உட்காருங்க" என்று சொல்லத் தோன்றினால் கல்லூரி விண்ணப்பத்தை வாங்குங்கள்.

மாமனார் சொன்னதில் கோபப்படாதீர்கள். அந்த ஏழு வருடம் அவரும் அதே வீட்டில்தான் இருந்தார், குடித்தது அவர் பெற்ற பிள்ளை. அந்தக் குடும்பத்தார் கூட்டத்துக்கு ஒரு ஞாயிறு அவரையும் அழைத்துப் போங்கள். உங்களுக்கு எப்படி இருந்தது என்று அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.