கடைசி ஏலியனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு வேகம்?

கேள்வி: ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டை இப்போது ஆன்லைனில், பிரௌசரிலேயே விளையாடுகிறேன். முதலில் ஊர்ந்து வரும் ஏலியன்கள், ஒன்றிரண்டு மிஞ்சும்போது பறக்கின்றன. வேண்டுமென்றே அப்படி வைத்தார்களா? மேலே போகும் பறக்கும் தட்டை அடித்தால் ஒருமுறை 50, இன்னொரு முறை 300 கிடைக்கிறது. அது அதிர்ஷ்டமா?
- வாசகர், திருச்சி

பதில்: என் மனசுக்கு மிகவும் பிடித்த விளையாட்டைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள். 1978-ல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கியது இது. விளையாட்டை மட்டுமல்ல, அது ஓடுவதற்கான மின்சுற்றையும் அவரே வடிவமைத்தார்.

அதில் இருந்தது இன்டெல் 8080 சிப். திரையில் வரிசைக்கு 11 வீதம் ஐந்து வரிசை, மொத்தம் 55 ஏலியன்கள். அத்தனையையும் ஒரே நேரத்தில் நகர்த்த அந்த இயந்திரத்துக்குச் சக்தி போதாது. அதனால் திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது ஓர் ஏலியன்தான் நகரும். திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. ஆக, மொத்தக் கூட்டமும் ஓர் அடி வைக்க ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். நீங்கள் சுடச் சுட வரிசை சுருங்குகிறது, ஒவ்வொன்றின் முறையும் சீக்கிரம் வருகிறது. கடைசி ஏலியனுக்கு ஒவ்வொரு தடவையும் அதன் முறைதான்! உற்றுப் பாருங்கள், அது இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் இன்னும் வேகமாக ஓடும்.

இயந்திரத்தின் போதாமையில் பிறந்த வேகம் இது. நிஷிகாடோ அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டார். அந்த முடிவுதான் விளையாட்டுக்கு உயிர் கொடுத்தது என்று உறுதியாகச் சொல்வேன். பின்னால் ஒலிக்கும் நான்கு சுரங்களும் கூடவே வேகமெடுக்கும். தயவுசெய்து சத்தத்தை அணைத்துவிட்டு விளையாடாதீர்கள்.

சரி, தட்டுக்கு வருவோம். அது அதிர்ஷ்டம் இல்லை, கணக்கு. அதுவரை நீங்கள் எத்தனை குண்டு சுட்டீர்கள் என்பதை வைத்தே மதிப்பெண் வரும். ஒரு சுற்றில் 22 குண்டுகளைச் சுட்டுவிட்டு 23-வது குண்டால் தட்டை அடித்தால் 300. அதன்பிறகு ஒவ்வொரு 15-வது குண்டுக்கும் அதே 300. எண்ணிக்கொண்டே விளையாடிப் பாருங்கள், முழுக்க வேறு அனுபவம். ஆனால் ஏலியன்கள் எட்டுக்குக் கீழே குறைந்துவிட்டால் தட்டு வராது. அதனால் கூட்டத்தை அவசரப்பட்டுத் தீர்க்க வேண்டாம்.

இன்னொன்று: உங்கள் குண்டு ஒரு நேரத்தில் ஒன்றுதான் திரையில் இருக்கும். குறி தவறினால் அது உச்சிக்குப் போய் மறையும்வரை அடுத்ததைச் சுட முடியாது. பட்டனைத் தட்டிக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை. ஓரத்துப் பத்தியிலிருந்து காலி செய்துகொண்டு வாருங்கள். கூட்டம் ஒல்லியானால் ஓரத்தைத் தொட நேரமாகும், கீழே இறங்குவதும் தாமதமாகும்.

ஒரு விஷயம் மட்டும் எச்சரிக்கை. ஆன்லைனில் பழைய நிரலை அப்படியே ஓட்டும் தளங்களும் உண்டு, யாரோ புதிதாக எழுதிய நகல்களும் உண்டு. நகல்களில் இந்தக் கணக்கு இருக்கும் என்று சொல்ல முடியாது. 23-வது குண்டில் தட்டை அடித்தும் 300 வரவில்லையென்றால், வேறு தளம் பாருங்கள்.