க்ளீனிங் செய்தால் பல் ஆடிவிடுமா?

"எனக்கு 46 வயது. மூன்று வருடமாக சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு மாதமாகப் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. வலி எதுவும் இல்லை. பல் டாக்டரிடம் காட்டினேன். காரை நிறைய கட்டியிருக்கிறது, க்ளீனிங் செய்துகொள்ளுங்கள், அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார். ஆனால் என் நாத்தனார், 'க்ளீனிங் செய்த பிறகுதான் எனக்குப் பல்லெல்லாம் ஆட ஆரம்பித்தது, நடுவில் சந்து விழுந்துவிட்டது, நீ போகாதே' என்கிறார். வலியே இல்லாதபோது இது தேவையா? எனாமல் தேய்ந்துவிடாதா?"
– வாசகி, ஈரோடு

உங்கள் நாத்தனார் பொய் சொல்லவில்லை. க்ளீனிங்குக்குப் பிறகு அவருக்குப் பல் ஆடியிருக்கும், சந்தும் தெரிந்திருக்கும். அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் தவறு. பல் மருத்துவர்களிடம் அநேகமாக வாரம் ஒருமுறையாவது யாராவது கேட்கிற கேள்வி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பல் தேய்த்த சில மணி நேரத்திலேயே அதன் மேல் மெல்லிய படலம் ஒன்று படிய ஆரம்பிக்கிறது. காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவினால் பிசுபிசுவென்று தட்டுப்படுமே, அதுதான். கிருமிகள் கூட்டமாகக் குடியிருக்கிற படலம். பிரஷ் பட்டால் போய்விடும். பிரஷ் படாத இடத்தில் தங்கிவிட்டால், எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கி, சில நாட்களிலேயே கெட்டிப்படத் தொடங்கும். போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்பு பிடிக்கிற மாதிரி. அப்படிக் கெட்டியானதுதான் காரை. அதன் பிறகு எந்தப் பேஸ்ட்டுக்கும் எந்தப் பல்பொடிக்கும் அது அசையாது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் ஈறுக்கு இதமாக இருக்கும், காரை அப்படியேதான் இருக்கும்.

கண்ணாடி முன் நின்று, கீழ் வரிசை முன்பற்களின் உட்பக்கத்தைப் பாருங்கள். மஞ்சளாக ஒரு கரை தெரியும். நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பிகளின் வாய் அங்கே திறப்பதால், காரை அதிகம் கட்டுவது அந்த இடத்தில்தான். அடுத்த இடம், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னத்துப் பக்கம். அங்கேயும் ஓர் எச்சில் குழாய் திறக்கிறது.

காரை சொரசொரப்பானது. அதன் மேல் புதுப் படலம் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் ஈறு சிவந்து, வீங்கி, பிரஷ் தொட்டாலே ரத்தம் கசியும். இந்தக் கட்டத்தோடு நின்றால் முழுக்கச் சரியாகிவிடும். 1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளர் இதைச் சோதித்தே பார்த்தார். நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. திரும்பத் தேய்க்க ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் பழையபடி ஆனது. இன்றும் எல்லாப் பல் மருத்துவ மாணவர்களும் படிக்கிற சோதனை இது.

ரத்தத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பாதிப்பு எலும்புக்கு இறங்குகிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இயல்பாகவே ஒரு சின்னப் பள்ளம் உண்டு, 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம். அது 5, 6 மில்லிமீட்டர் ஆகிவிட்டால் பிரஷ் உள்ளே எட்டாது. அந்தப் பள்ளத்துக்குள் கிருமிகள் பெருகப் பெருக, பல்லைத் தாங்கும் தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இதில் வலி இருக்காது. சொத்தை நரம்பைத் தொட்டால் ராத்திரி முழுக்கத் தூங்கவிடாது. ஈறு நோய் பத்து வருடம்கூட சத்தமில்லாமல் நடக்கும். வலி வந்தபின் போகலாம் என்று காத்திருப்பவர்கள் வரும்போது, பாதி எலும்பு போயிருக்கும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளராது.

சரி, இப்போது நாத்தனார் விஷயம். தோட்டத்தில் ஊன்றிய கம்பத்தைச் சுற்றி மண் அரித்துப்போய், அந்தக் குழியைக் குப்பை அடைத்திருக்கிறது என்று வையுங்கள். குப்பையை அள்ளியதும் கம்பம் ஆடுகிறது. அள்ளியவரைக் குறை சொல்வோமா? அவருக்கு எலும்பு முன்பே கரைந்திருந்தது. காரை பல்லோடு பல்லைச் சேர்த்துக் கட்டியது போல இருந்ததால் ஆட்டம் தெரியவில்லை. எடுத்ததும் தெரிந்துவிட்டது. வீங்கியிருந்த ஈறு வற்றி இறுகியதும், காரை அடைத்திருந்த இடைவெளி சந்தாகத் தெரிகிறது. க்ளீனிங்குக்கு முன்பே இதை அவருக்கு விளக்கிச் சொல்லியிருந்தால் இவ்வளவு பயம் வந்திருக்காது. அங்கே எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மீதும் தவறு உண்டு.

எனாமலைப் பற்றிக் கேட்டீர்கள். மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். க்ளீனிங் கருவியின் முனை நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் அதிர்கிறது, கூடவே தண்ணீரும் பீய்ச்சுகிறது. அந்த அதிர்வில் காரை உடைந்து உதிரும். சரியாகக் கையாண்டால் பல்லில் தேய்மானம் இருக்காது. நிஜமாகவே எனாமலைத் தேய்ப்பவை நம் வீட்டுக்குள் இருக்கின்றன: செங்கல் பொடி, உமிக்கரி, சாம்பல், முரட்டு பிரஷ்ஷால் ஓங்கித் தேய்க்கும் பழக்கம். க்ளீனிங் முடிந்ததும் சில நாட்கள் ஜில்லென்ற தண்ணீருக்குப் பல் கூசும். ஈறு இறங்கியிருந்தால் வேர்ப்பகுதி வெளியே தெரிவதால் இரண்டு மூன்று வாரம்கூட இருக்கலாம். பெரும்பாலும் தானாக அடங்கும். அடங்காவிட்டால் கூச்சத்துக்கான பேஸ்ட் இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி, சுகர் இருக்கிறது என்பது. சுகர் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக வளரும். ஈறில் அழற்சி இருந்துகொண்டே இருந்தால் சுகரும் இறங்க முரண்டு பிடிக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். ஈறு நோய் உள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு முறையாகச் சிகிச்சை செய்தால், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 0.3 முதல் 0.4 புள்ளி வரை குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாத்திரையை நிறுத்துகிற அளவுக்கு இது பெரிதில்லை. ஆனால் பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததற்குக் கிடைக்கிற லாபம் என்று பார்த்தால் சின்னதும் இல்லை.

ஆறு மாதக் கணக்குக்கு வருவோம். அது ஒரு வசதியான பழக்கம், எல்லோருக்கும் பொருந்தும் சட்டம் கிடையாது. பிரிட்டனின் வழிகாட்டுதல் 2004-லிருந்தே, பெரியவர்களுக்கு அவரவர் நிலையைப் பொறுத்து 3 மாதம் முதல் 24 மாதம் வரை இடைவெளி வைக்கலாம் என்கிறது. ஈறும் பல்லும் நன்றாக இருக்கிற, சுகர் இல்லாத, புகைக்காத ஒருவருக்கு வருடம் ஒருமுறை போதும் என்பேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். இப்போது க்ளீனிங், இரண்டு மாதம் கழித்து ஈறு எப்படி ஆறியிருக்கிறது என்று ஒரு பார்வை, முதல் வருடம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. எல்லாம் சரியாக இருந்தால் அப்புறம் ஆறு மாதம். ஒவ்வொரு முறையும் க்ளீனிங் செய்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

பரிசோதனை என்றால் எட்டிப் பார்ப்பது மட்டும் என்று நினைக்காதீர்கள். கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுப் பள்ளத்தில் வைத்து எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்க வேண்டும். உங்கள் டாக்டர் அளக்கவில்லையென்றால் கேளுங்கள், அதில் தவறில்லை. தேவைப்பட்டால் எக்ஸ்ரே. நாக்கின் ஓரம், கன்னத்தின் உட்புறம், நாக்குக்கு அடியில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வீட்டில் பாக்கு போடுபவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். "புகையிலை இல்லை, வெறும் வெற்றிலை பாக்குதான்" என்பார்கள். புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. வாய் முன்போல அகலமாகத் திறக்கவில்லை, காரம் எரிகிறது என்றால் தள்ளிப்போடக் கூடாது. புகைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால், ஈறு நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் அதிகம் கசியாது. உங்களுக்குக் கிடைத்த எச்சரிக்கை அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றும் புதிது இல்லை. ரத்தம் வருகிற இடத்தைப் பயந்து விட்டுவிடுகிறோம், அங்கேதான் படலம் இன்னும் சேர்கிறது. மிருதுவான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேருகிற கோட்டில் சாய்த்து வைத்து, அந்த இடத்தையும் மெதுவாகத் தேய்க்க வேண்டும். இரண்டு வேளை, இரண்டிரண்டு நிமிடம். ஒரு வேளைதான் முடியும் என்றால் ராத்திரி தேய்ப்பதையே வைத்துக்கொள்ளுங்கள். தூங்கும்போது எச்சில் குறைந்துவிடுவதால் கிருமிகளுக்கு அது கொண்டாட்டமான நேரம். ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட் போதும், விலை உயர்ந்தது வேண்டாம். நுரையைத் துப்பியதும் செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள், ஃப்ளூரைடு பல்லில் கொஞ்ச நேரம் தங்கட்டும். பல் இடுக்குக்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் குட்டி இடுக்கு பிரஷ். சேலையில் குத்தியிருக்கும் ஊக்கு வேண்டவே வேண்டாம். வேப்பங்குச்சி பிடிக்கும் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் கீழ்ப்பற்களின் உட்பக்கத்தை அதனால் தேய்த்துக் காட்டியவரை நான் இன்னும் பார்த்ததில்லை.

க்ளீனிங்குக்குக் காலை நேரமாக வாங்குங்கள். வெறும் வயிற்றோடு போகாமல், வழக்கம்போலச் சாப்பிட்டு, சுகர் மாத்திரையும் போட்டுக்கொண்டு போங்கள். மருந்துச் சீட்டும், கடைசியாக எடுத்த ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். செலவுக்காகத் தள்ளிப்போடுவதாக இருந்தால், சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பல் பிரிவு உண்டு.

நாத்தனாரையும் கையோடு கூட்டிப் போங்கள். அவருக்கு எத்தனை பல் எவ்வளவு ஆடுகிறது, எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். லேசாக ஆடும் பற்கள், ஈறுக்கு அடியில் இருக்கும் காரையையும் ஆழமாகச் சுத்தம் செய்த பிறகு பல நேரம் இறுகிக்கொள்ளும். அதைச் செய்து பார்க்காமல் எந்தப் பல்லையும் எடுத்துவிடச் சம்மதிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாக அவரிடம் சொல்லுங்கள்.