மருத்துவர் பதில்: மயக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு நரம்பருகே ஊசி ஏன்?

கேள்வி: என் 4 வயது மகனுக்கு (16 கிலோ) குடலிறக்க அறுவை சிகிச்சை. முழு மயக்கம் கொடுத்த பிறகு, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே இடுப்பருகே மரத்துப்போகும் ஊசியும் போடுவார்களாம். இரண்டு மயக்கம் எதற்கு? நரம்பு பாதிக்கப்படாதா?
– ஒரு தாய், ஈசூன்

பதில்: அன்புள்ள சகோதரி, முழு மயக்கம் மகனைத் தூங்க வைக்கிறது, அவன் விழித்தெழுந்த பிறகு வலிக்காமல் பார்த்துக்கொள்வது இந்த ஊசிதான். இதனால் மயக்க மருந்தும், வாந்தியையும் மந்தத்தையும் தரக்கூடிய மார்ஃபின் வகை மருந்துகளும் குறைவாகவே தேவைப்படும்.

இந்த ஊசி மரக்கச் செய்யும் நரம்பு அடிவயிற்றுத் தசை அடுக்குகளுக்கு இடையே ஓடுகிறது. அதற்குச் சில மில்லிமீட்டர் கீழேயே, சிறு பிள்ளைகளுக்குக் குடலை மூடிய சவ்வு இருக்கிறது. முன்பு இடுப்பெலும்பை விரலால் தொட்டு, கைப்பக்குவத்தை நம்பியே ஊசி போட்டோம். மருந்து சில வேளை வேறு அடுக்கில் இறங்கிவிடும். இப்போது திரையில் நரம்பு சிறு முட்டை வடிவில் தெரிகிறது, ஊசிமுனை நெருங்குவதும், மருந்து கருமையாகப் பரவி அடுக்குகளைப் பிரிப்பதும் கண்முன்னே நடக்கின்றன. சரியான இடத்தில் விழுவதால் சுமார் 3 மில்லிலிட்டரே போதுமானதாக இருக்கும், 0.25 விழுக்காடு லீவோபுப்பிவக்கைன் என்ற மரத்துப்போகும் மருந்து என்றால் உங்கள் மகனின் எடைக்கு உச்சவரம்பு சுமார் 16 மில்லிலிட்டர். இம்மருந்து அளவு மீறி இரத்தத்தில் கலந்தால் இதயத்தையும் மூளையையும் பாதிக்கும் என்பதால், இந்த இடைவெளியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தூங்கும் குழந்தையால் வலியைச் சொல்ல முடியாதே என்ற உங்கள் கவலை நியாயமானது. ஆனால் விழித்திருக்கும் 4 வயதுப் பிள்ளை ஊசிமுனையில் திமிறுவது அதைவிட ஆபத்து. முழு மயக்கத்தில் ஊசி போடுவதை 2015இல் அமெரிக்க, ஐரோப்பிய வட்டார மயக்கவியல் (உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்யும் துறை) சங்கங்களின் கூட்டுப் பரிந்துரையும் ஏற்றுக்கொண்டது. நீடித்த நரம்புப் பாதிப்பு மிக அரிது. அல்ட்ராசவுண்ட் ஒலி அலைதான். எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை.

மருந்து தொடை நரம்புக்கும் பரவினால் சில மணி நேரம் அந்தக் காலில் பலம் குறையலாம். ஆகவே அன்று மாலை வரை நடக்கும்போதும் படியேறும்போதும் கையை விடாதீர்கள். மரப்பு விலகும் வரை காத்திராமல், மருத்துவர் எழுதித் தந்த நேரத்திலேயே பாரசிட்டமால் கொடுங்கள். மறுநாளும் கால் பலமின்றி இருந்தால் மருத்துவமனையை உடனே அழையுங்கள்.