வயிற்றில் கிருமி, முகத்தில் சிவப்பு: தொடர்பு உண்டா?

கேள்வி: எனக்கு வயது 43. இரண்டு வருடமாகக் கன்னமும் மூக்கும் கன்றிப்போய் எரிகின்றன. வெயிலில் போனாலும் அடுப்படியில் நின்றாலும் அதிகமாகிறது. சின்னச் சின்னப் பருக்களும் வருகின்றன. ரோசேசியா என்றார் தோல் மருத்துவர். நெஞ்செரிச்சலுக்காக எண்டோஸ்கோபி செய்தபோது இரைப்பையில் எச்.பைலோரி கிருமி இருப்பது தெரிந்தது. அதை அழித்தால் முகமும் சரியாகிவிடும் என்கிறார் என் நாத்தனார். உண்மையா? (வாசகி, திருச்சி)

பதில்: கிருமியை அழிக்கத்தான் வேண்டும் அம்மா. ஆனால் அது வயிற்றுக்காக. முகத்துக்கும் சேர்த்து அதையே நம்பியிருக்காதீர்கள்.

இந்தக் கிருமிக்கு ஒரு கதை உண்டு. வயிற்றுப்புண்ணுக்குக் கிருமி காரணமாக இருக்கும் என்று பலரும் நம்பாத காலத்தில், ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984-ல் அதைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-ல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அப்புறம் என்ன, காரணம் பிடிபடாத நோய்கள் பலவற்றுக்கும் இதன் மேல் சந்தேகம் விழுந்தது. ரோசேசியாவும் அதில் ஒன்று.

ரோசேசியா உள்ளவர்களிடம் இந்தக் கிருமி கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்லின; வேறு சில, அப்படி இல்லை என்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் தொடர்பு பலவீனமாகவே தெரிகிறது. நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இதை வயிற்றில் சுமக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு முகத்தில் ஒன்றும் இல்லை.

"கிருமிக்கு மருந்து சாப்பிட்டேன், முகம் தெளிந்தது" என்பவர்களும் பொய் சொல்லவில்லை. அங்கேதான் சூட்சுமம். இந்தக் கிருமிக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல், டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகள் ரோசேசியாவையே தணிக்கக்கூடியவை. மெட்ரோனிடசோலை ஜெல்லாக முகத்தில் தடவவும் கொடுக்கிறோம். முகம் தெளிந்தது கிருமி போனதாலா, மாத்திரை தோலிலும் வேலை செய்ததாலா என்று எப்படிப் பிரிப்பது? மாத்திரை முடிந்த சில மாதங்களில் சிவப்பு திரும்பினால் ஆச்சரியப்படாதீர்கள்.

உங்களிடம் நான் கேட்க நினைப்பது வேறொன்று. முகத்துக்கு என்ன கிரீம் போடுகிறீர்கள்? சிவப்பழகுக்கென்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டியூப்கள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. மாதக்கணக்கில் தடவினால் ரோசேசியா மாதிரியே சிவப்பும் எரிச்சலும் பருவும் வரும். நிறுத்தினால் முதல் சில வாரங்கள் இன்னும் மோசமாகும். பயந்துபோய் மறுபடி தடவுவார்கள். பெட்டாமெத்தசோன், மொமெட்டாசோன், குளோபெட்டாசோல் என்ற பெயர்கள் டியூபில் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் அதைத் தோல் மருத்துவரிடம் எடுத்துப்போய்க் காட்டி, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள்.

ஸ்டீராய்டு இல்லையென்றால், வழக்கமான ரோசேசியா சிகிச்சையே போதும்: தினமும் சன்ஸ்கிரீன், மருத்துவர் எழுதித்தரும் மெட்ரோனிடசோல் அல்லது ஐவர்மெக்டின் கிரீம். காபியை விட வேண்டாம், ஆறவைத்துக் குடியுங்கள். கண்ணில் மணல் விழுந்தது போல் உறுத்தினால் கண் மருத்துவரையும் பார்க்க வேண்டும். ரோசேசியா கண்ணையும் பாதிக்கும்.

எச்.பைலோரி மாத்திரைகளைப் பாதியில் விடாதீர்கள். முடித்து நான்கு வாரமாவது கழித்து, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, கிருமி போய்விட்டதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்துகொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது. கிருமி போன பிறகும் அது 'பாசிட்டிவ்' என்றே காட்டிக்கொண்டிருக்கும்.