ஒரு வருடப் படிப்புக்கு லீட்ஸ் போகிறேன். பெயர்பெற்ற கம்பளி ஓவர்கோட் ஒன்றில் பணத்தைப் போடலாமா?

கேட்டவர் கிளிநொச்சிப் பெண். செப்டெம்பரில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு முதுகலைப் படிப்புக்குப் போகிறார். கனடாவில் இருக்கும் மாமா செலவுக்குக் கொஞ்சம் பணம் தந்திருக்கிறார். "நல்ல வடிவமைப்பாளரின் கம்பளி ஓவர்கோட் ஒன்றை வாங்கினால் ஆயுளுக்கும் போதும், அது செலவில்லை, முதலீடு என்று பலர் எழுதுகிறார்கள். வாங்கலாமா?" என்பது கேள்வி.

வேண்டாம், தங்கச்சி. இந்தப் படிப்புக்கு, இந்தப் பணத்தில் வேண்டாம். 2016இல் அதே ஊருக்கு, அதே ஒரு வருடப் படிப்புக்குப் போய், அதே எண்ணத்தில் ஒரு கோட் வாங்கியவள் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 'முதலீடு' என்ற சொல். நம் ஊரில் பவுண் என்றால் எட்டுக் கிராம் தங்கம், அங்கே பவுண் என்றால் காசு. இந்த இரண்டு பவுணையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2009இல் வன்னியில் இடம்பெயர்ந்துகொண்டே இருந்த மாதங்களில், அம்மா தன் சங்கிலியைப் பாவாடையின் கீழ் மடிப்புக்குள் வைத்துத் தைத்திருந்தார். மூன்று பவுண். மடிப்புக்கு மேலே இன்னொரு மடிப்பு, அதற்கு மேலே ஒரு ஓரத் தையல். தொட்டுப் பார்த்தாலும் தடித்த விளிம்பு என்றுதான் தோன்றும். வீடு, நெல், மாடு, தையல் மெஷின் எல்லாம் போயின. அந்த மடிப்பு மட்டும் எங்களோடு மெனிக் பாம் முகாம் வரை வந்தது. 2010இல் ஊர் திரும்பியதும் அதை விற்றுத்தான் புது மெஷின் வாங்கினார். அந்த மெஷின்தான் என்னைப் படிக்கவைத்தது. வன்னியில் வளர்ந்தவர்களுக்கு முதலீடு என்றால் இதுதான்: தூக்கிக்கொண்டு ஓடலாம், அவசரத்துக்கு அடகு வைக்கலாம், விற்றால் போட்ட காசாவது வரும். ஒரு கோட்டை எந்த வங்கியும் அடகுக்கு எடுக்காது. கடை வாசலைத் தாண்டிய நிமிடமே அதன் விலை இறங்கிவிடும். சில பழைய வடிவங்கள் மற்றவற்றை விட விலை நிற்கும் என்பது உண்மைதான். ஆனாலும் சாதாரணமாக அவை வாங்கிய விலைக்குத் திரும்பிப் போவதில்லை. ஆகவே கோட்டை நல்ல கருவி என்று சொல்லுங்கள், மண்வெட்டியைப் போல. மண்வெட்டியை எவ்வளவு நாள், எந்த மண்ணில் பிடிக்கப்போகிறோம் என்று பார்த்துத்தானே வாங்குகிறோம்?

நான் வாங்கிய கோட் 480 பவுண். பெரிய பெயர், கழிவு விலை, ஒட்டகத்தின் நிறம். கடைக்காரப் பெண் தோளில் போட்டுவிட்டபோது கண்ணாடியில் தெரிந்தவள் வேறு யாரோ போல இருந்தாள். அந்த ஆசையை நான் குறைத்துப் பேசமாட்டேன். முகாமில் கொடுத்த உடுப்பை உடுத்தி வளர்ந்த பிள்ளைக்கு, தனக்கென்று அளவாகத் தைத்ததுபோல ஓர் உடுப்பு கிடைப்பது சின்ன விடயம் இல்லை.

ஆனால் லீட்ஸின் குளிர் படத்தில் பார்க்கும் குளிர் இல்லை. ஜனவரியில் சராசரி நான்கு பாகை அளவில் நிற்கும். பனி கொட்டுவது குறைவு, மழைதான் அதிகம், அதுவும் காற்றோடு பக்கவாட்டில் வரும். கம்பளிக்கு ஒரு அருமையான குணம் இருக்கிறது. தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. அப்படி உறிஞ்சும்போது சிறிது வெப்பத்தையும் விடும். தூறலுக்கும் மூடுபனிக்கும் அது போதும். அரை மணி நேர மழைக்கு அது போதாது. நனைந்த கோட்டின் கனத்தோடு பஸ் தரிப்பில் நிற்பது, நெல் மூட்டையை இறக்கி வைக்க இடமில்லாமல் நிற்பது போல இருக்கும். நவம்பர் முடிவதற்குள் முப்பது பவுணுக்கு ஒரு மழை அங்கி வாங்கிவிட்டேன், தொப்பி வைத்தது. மிச்சக் குளிர்காலம் முழுவதும் அதுவும் உள்ளே இரண்டு ஸ்வெட்டரும்தான். அந்தக் கோட்டைப் போட்ட நாட்களைப் பின்னர் எண்ணிப் பார்த்தேன், அறுபது வராது. நாளுக்கு எட்டுப் பவுணுக்கு மேல்.

மார்ச்சில் அதை உலர்சலவைக்குக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது முன்பக்கம், நெஞ்சுக்கு நேரே, தோசையில் எழும்பும் கொப்புளம் மாதிரி துணி அங்கங்கே உப்பியிருந்தது. ஸ்திரிக்கை போட்டால் படியும், ஆறினால் மறுபடி எழும்பும். காரணம் எனக்கு அப்போது தெரியவில்லை.

ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால், பழைய பொருட்கள் விற்கும் ஒரு தருமக் கடையில் அப்பாவுக்கென்று ஒரு ஆண்கள் ஓவர்கோட் வாங்கினேன். 35 பவுண். சாம்பல் நிறம், என் வயதை விட மூத்தது, உள்ளே ஏதோ ஊர்த் தையற்கடையின் மங்கிய துண்டு. அப்பாவுக்கு எதற்கு ஓவர்கோட் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இரண்டையும் பரந்தனில் எங்கள் விறாந்தையில் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா முதலில் கண்ணால் பார்க்கவில்லை. இரண்டையும் தூக்கி எடை பார்த்தார், துணியை உள்ளங்கையில் கசக்கி விட்டார், பிறகு பிளேட்டை எடுத்துக் கீழ் ஓரத்தில் லைனிங்கை ஒரு சாண் பிரித்தார். என் கோட்டின் உள்ளே கையை விட்டவர் உடனே வெளியே எடுத்துவிட்டார். "இது பள்ளிக்கூடச் சட்டைக் கொலருக்கு நான் வைக்கிற ஒட்டுக் கன்வஸ், பிள்ளை." கம்பளிக்குப் பின்னால் ஒரு மெல்லிய துணியைப் பசை வைத்துச் சூட்டில் ஒட்டியிருந்தார்கள். சலவையில் அந்தப் பசை விட்டிருக்கிறது. கொப்புளங்கள் அதனால்தான். உள்ளே மடித்து விட்ட துணி அரை விரல் அகலம்கூட இல்லை. கொஞ்சம் உடம்பு வைத்தால் விட்டுக்கொடுக்க அதில் ஒன்றும் கிடையாது.

சாம்பல் கோட்டைப் பிரித்தபோது அம்மா கதிரையிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் கன்வஸ், அதாவது கோட்டின் முன்பக்கத்துக்கு வடிவம் கொடுக்கும் உள்துணி, தனியாக நின்றது, எங்கும் ஒட்டவில்லை. அதில் கம்பி மாதிரி விறைத்த ஒரு இழையை உருவி எடுத்து வளைத்துவிட்டார், அது துள்ளி நிமிர்ந்தது. குதிரை மயிர். கொலரின் பின்புறம் முழுவதும் சாய்வுச் சாய்வாகக் கைத்தையல், நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றும் கன்வஸைக் குத்தி, கம்பளியில் இரண்டு மூன்று நாரை மட்டும் பிடித்துத் திரும்பியிருந்தது. அதனால் முன்பக்கம் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. ஓரத்தில் ஒன்றரை அங்குலத் துணி மடித்து விட்டிருந்தது. "இதைத் தைத்தவனுக்கு, பிறகு ஒரு நாள் யாரோ இதைப் பிரிப்பார்கள் என்று தெரிந்திருக்கிறது" என்றார் அம்மா. அந்த ஒன்றரை அங்குலத்தை விட்டுக்கொடுத்துத்தான் அப்பாவின் முதுகுக்கு அதைப் பொருத்தினார்.

இதை வைத்துப் பெரிய பெயர்கள் எல்லாம் ஏமாற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மையாகவே காலத்தைத் தாண்டி நிற்கும் கோட்டுகள் இருக்கின்றன. இத்தாலியின் ரெஜ்ஜியோ எமிலியாவில் அக்கிலே மரமொத்தி 1951இல் தொடங்கிய மாக்ஸ் மாரா நிறுவனத்துக்காக, ஆன்-மரி பெரெத்தா 1981இல் வரைந்த 101801 என்ற கோட்டைச் சொல்லலாம். கம்பளியும் காஷ்மீரும் கலந்த துணி, இரட்டை வரிசைத் தெறி, கிமோனோ போல உடம்போடு சேர்த்து வெட்டிய அகலமான கை. நாற்பது வருடத்துக்கு மேலாக அதே வடிவம் விற்பனையில் இருக்கிறது. தோளில் இறுக்கித் தைக்காத வெட்டு என்பதால் உடம்பு கூடினாலும் குறைந்தாலும் பிடிக்கும், உள்ளே தடித்த ஸ்வெட்டரும் போகும். வடிவமைப்பாளரின் மூளைக்குக் காசு கொடுக்கிறோம் என்றால் அது இந்த மாதிரி வெட்டுக்குத்தான். ஆனால் விலை இரண்டாயிரம் பவுணுக்கு மேல். 2,400 பவுண் என்றே வைத்துக்கொண்டு, வருடத்துக்கு நூறு நாள், பன்னிரண்டு வருடம் போட்டால் நாளுக்கு இரண்டு பவுண். அங்கேயே வேலை, அங்கேயே வீடு என்று இருப்பவருக்கு அது நியாயமான கணக்கு. ஒரு குளிர்காலம் இருந்துவிட்டு வருபவருக்கு நாளுக்கு இருபத்துநான்கு பவுண்.

மாமாவைப் பார்க்க டொரொன்டோ போகும் எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை. அங்கே குளிர் உறைநிலைக்குக் கீழே இருபது பாகைக்கும் இறங்கும் நாட்கள் உண்டு. அந்த நாட்களில் இறகு அடைத்த, தொப்பி வைத்த தடித்த அங்கிதான் வேண்டும். கம்பளி ஓவர்கோட் வீட்டுக்கும் காருக்கும் இடையில் போடும் உடுப்பாகிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கம்பளிக் கோட் வேண்டும் என்று மனம் கேட்டால், முதல் குளிரை அனுபவித்த பிறகு, ஜனவரி பெப்ரவரியில் மலிவு விற்பனை வரும்போது, அல்லது வருடம் முழுவதும் திறந்திருக்கும் தருமக் கடைகளில் தேடுங்கள். உள்ளே இருக்கும் துண்டில் பெயருக்கு முன் துணியின் கலவையை வாசியுங்கள். கம்பளி எண்பது சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். மிச்சம் நைலோன் என்றால் பயமில்லை, அது உறுதிக்குச் சேர்ப்பது. பாதிக்குப் பாதி பொலியெஸ்டர் என்றால் வைத்துவிட்டு நடங்கள், எந்தப் பெயர் இருந்தாலும் சரி. பிறகு அம்மாவின் சோதனை: நெஞ்சுப் பக்கத்துத் துணியை வெளியே ஒரு விரலாலும் உள்ளே ஒரு விரலாலும் கிள்ளி இரு பக்கமும் மெதுவாக இழுங்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு அடுக்கு தனியாக வழுக்கி ஓடினால் கன்வஸ் தைத்தது. எல்லாம் ஒன்றாக விறைத்து நின்றால் ஒட்டியது. இரட்டை முகத் துணியில், அதாவது இரண்டு அடுக்கைச் சேர்த்து நெய்த துணியில், லைனிங் இல்லாமல் தைத்த கோட்டுகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அவற்றில் ஓரங்களைப் பாருங்கள், இரண்டு அடுக்கையும் பிரித்து உள்ளே மடித்துக் கையால் மூடியிருப்பார்கள். தோள் சரியாக இருக்க வேண்டும், அது முக்கியம். நீளம், கை, இடுப்பு எல்லாவற்றையும் ஒரு தையற்காரர் சரிசெய்யலாம், தோளைத் தொடுவது புதுக் கோட் தைப்பதற்குச் சமம்.

துணியின் ஊருக்கே போகிறீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய கம்பளி ஆலையாக இருந்த ஆம்லி மில்ஸ் லீட்ஸில்தான் இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். பக்கத்துக் கைஸ்லியில் 1837இல் தொடங்கிய ஏப்ரஹாம் மூன் ஆலை இருக்கிறது. ஒரு சனிக்கிழமை ஆம்லி மில்ஸுக்குப் போய் வாருங்கள். கம்பளி எப்படித் துணியாகிறது என்று பார்த்தவருக்குக் கடையில் கை தானாகவே தேர்வு செய்யும்.

இனி இங்கே திரும்பிய பிறகு அந்தக் கோட்டுக்கு என்ன நடக்கும் என்று. நம் மாரிக்கால ஈரத்தில் மூடிய அலுமாரிக்குள் கம்பளி பூஞ்சணம் பிடிக்கும். அந்துப்பூச்சியும் வரும். பறக்கும் பூச்சி கடிப்பதில்லை, அதன் புழுதான் தின்கிறது. கம்பளி மயிர்தானே, அதில் இருக்கும் கெரட்டின் என்ற புரதம்தான் புழுவுக்கு உணவு. வியர்வையோ சாப்பாட்டுக் கறையோ இருந்தால் இன்னும் விருப்பம். என் கோட்டை வேப்பிலையும் பூச்சி உருண்டையும் போட்டுத்தான் வைத்தேன். ஆனால் கடைசியாகப் போட்ட பிறகு சுத்தம் செய்யாமல் வைத்தேன், ஒரு வருடம் திறந்தும் பார்க்கவில்லை. திறந்தபோது கையிடுக்கிலும் கொலரிலும் பயறளவு ஓட்டைகள். முதுகுப் பக்கத்தை அம்மா வெட்டி ஸ்திரிக்கை மேசைக்கு விரித்திருக்கிறார். கம்பளி சூட்டை நன்றாகத் தாங்கும்.

சாம்பல் கோட்டைப் பூச்சி தொடவில்லை, அது அலுமாரியில் இருப்பதே குறைவு. பெரும்போகத்தில் கதிர் முற்றும் மார்கழியில் பன்றிக்கும் யானைக்கும் இரவுக் காவல் போக வேண்டும். பனி கொட்டும் அந்த இரவுகளில் அப்பா காவல் கொட்டிலில் அதைத்தான் போட்டுக்கொண்டு இருக்கிறார். முன்பு சாக்கைப் போர்த்திக்கொண்டு விடியும்வரை இருமுவார். இப்போது ஒரு பக்கப் பையில் டோர்ச், மறுபக்கம் யானை வெடி. விடிந்து வரும்போது கோட்டின் மேல்முகம் முழுக்கப் பனித்துளி நிற்கும், உதறினால் உதிர்ந்துவிடும், உள்ளே சட்டை காய்ந்திருக்கும். காலையில் வேலியில் வெயில் படப் போடுவார், அதனால் பூஞ்சணமும் இல்லை. 

ஆகவே மாமா தந்த பணத்தில் ஒரு மழை அங்கி, உள்ளே போடும் சூடான பனியன்கள், நீர் புகாத சப்பாத்து, இவற்றை அங்கே போய் வாங்குங்கள். இங்கிருந்து சுமக்க வேண்டாம். மிச்சத்தை முதல் மூன்று மாத அறை வாடகைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பகுதிநேர வேலை கிடைக்கும்வரை அதுதான் உங்களைக் காப்பாற்றும். படிப்பு முடிந்து அங்கேயே வேலை கிடைத்தால் சொந்தச் சம்பளத்தில் அந்த 101801ஐப் போட்டுப் பாருங்கள். அப்போது நானே வாங்கச் சொல்வேன். திரும்பி வருவதாக இருந்தால், தருமக் கடையில் நல்ல கன்வஸ் தைத்த கோட் ஒன்று கண்ணில் பட்டால் உங்கள் அப்பாவின் தோள் அளவை எழுதிக்கொண்டு போங்கள். லைனிங் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, அதை எங்கள் அம்மா மாற்றித் தருவார்.