807 ஹோம் ரன் அடிச்ச ஃப்ராங்க் தாமஸ்

வணக்கம் அண்ணா,

நியூஜெர்சில வேலை பாக்குறேன். ஆபீஸ்ல பத்து பேர் சேர்ந்து ஒரு ஃபேண்டஸி பேஸ்பால் லீக் (நிஜ ஆட்டக்காரங்களை வச்சு கற்பனை டீம் கட்டுற விளையாட்டு) ஆரம்பிக்கிறோம், மொத்த வரலாறையும் வச்சு. ஆளுக்கு ஒரு ஃப்ரான்சைஸ், அதாவது ஒரு நிஜ டீம், அந்த ஃப்ரான்சைஸுக்கு எப்பவாச்சும் ஆடின யாரை வேணா டிராஃப்ட்ல முறை வச்சு எடுத்துக்கலாம், ஒருத்தர் எடுத்தவரை இன்னொருத்தர் எடுக்க முடியாது. "நீதான் எக்செல் புலி"ன்னு டேட்டா வேலைய என் தலைல கட்டிட்டாங்க. லாமன் டேட்டாபேஸ் (அமெரிக்க பேஸ்பால் கணக்கெல்லாம் இருக்கிறது) டவுன்லோட் பண்ணி, பேரை ஒட்டவச்சு, பேர்வாரியா கூட்டிப் பாத்தா ஃப்ராங்க் தாமஸ் 807 ஹோம் ரன்னோட (நம்ம சிக்ஸர் மாதிரி) முதல்ல நிக்கிறார், கென் கிரிஃபி 782, நிஜத்துல ரெக்கார்ட் வச்சிருக்கிற பேரி பாண்ட்ஸ் 762-ஓட மூணாவது! குரூப்ல போட்டேன், இன்னும் ஓட்டிட்டு இருக்காங்க. எங்க தப்பு? அப்புறம், 1910-ல ஆடினவரையும் 2000-ல ஆடினவரையும் எப்படி ஒரே தராசுல வைக்கிறது?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

மன்னிக்கணும், நானும் சிரிச்சுட்டேன்.

ஃப்ராங்க் தாமஸ்னு ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர் 1951-ல பிட்ஸ்பர்க்ல ஆரம்பிச்சவர், 286 ஹோம் ரன். இன்னொருத்தர் வைட் சாக்ஸோட "பிக் ஹர்ட்", 521. கிரிஃபி அப்பா புள்ளை, அப்பா 152, புள்ளை 630. சரி பேரோட வருஷத்தையும் டீமையும் சேர்த்துக்கிட்டா பிரிஞ்சிடும்ல-ன்னு நினைப்பீங்க, அதுவும் வேலைக்காகாது, ஏன்னா 1990-ல அப்பாவும் புள்ளையும் ஒரே சியாட்டில் மரினர்ஸ்லதான் ஆடினாங்க, செப்டம்பர் 14 அன்னிக்கு அடுத்தடுத்து ஹோம் ரன் வேற அடிச்சாங்க. நம்ம ஊரா இருந்தா இனிஷியல் காப்பாத்தியிருக்கும். லாமன்ல அதுக்குத்தான் பிளேயர் ஐடி இருக்கு, குடும்பப் பேர்ல அஞ்சு எழுத்து, சொந்தப் பேர்ல ரெண்டு, கடைசில ஒரு நம்பர், அப்பாவுக்கு 01, புள்ளைக்கு 02. எல்லா ஷீட்டையும் ஐடி வச்சு மட்டும் சேருங்க, பேரை கடைசில பாக்குறதுக்காக ஒட்டிக்கிட்டா போதும். இன்னொன்னு, எக்செல்லுக்கு 1900-க்கு முன்னாடி தேதியே தெரியாது. பழைய பிட்ச்சர் (பந்து வீசுறவர்) சை யங்கோட முதல் மேட்ச் 1890, அது எழுத்தா உக்காந்துடும், பேப் ரூத்தோட 1914 தேதியா மாறிடும், சார்ட் பண்ணா கந்தல்.

ஆனா உங்க உண்மையான சிக்கல் வேற. நீங்க டிராஃப்ட்ல என்ன வாங்குறீங்கன்னே உங்க பத்து பேரும் இன்னும் பேசி முடிக்கல. பேட்டிங் ஷீட்ல ஒரு வரிங்கிறது ஒரு ஆளோட ஒரு வருஷம், ஒரு டீம். 1997-ல மார்க் மெக்வயருக்கு ரெண்டு வரி இருக்கும், ஓக்லண்டுக்கு 34 ஹோம் ரன், நடுவுல டிரேட் ஆகி செயின்ட் லூயிஸுக்கு 24. மொத்தம் 58, அந்த வருஷம் அவரை விட யாரும் அடிக்கல, ஆனா அமெரிக்கன், நேஷனல்னு ரெண்டு லீக்குக்கும் தனித்தனிக் கணக்குங்கிறதால ரெண்டுலயும் அவர் முதல் இல்ல. செயின்ட் லூயிஸ்காரர் அவரை எடுத்தா அந்த 34-ம் கூடவே வருமா?

நான் வராதுன்னுதான் சொல்லுவேன். ரூத்தை எடுத்துக்கங்க, மொத்தம் அடிச்ச 714 ஹோம் ரன்ல யாங்கீஸுக்கு 659, பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு 49, கடைசி வருஷம் பிரேவ்ஸுக்கு 6. மொத்த கெரியரும் வரும்னு வச்சா 6 ஹோம் ரன் பாத்த பிரேவ்ஸ்காரர் 714-ஐ அள்ளிட்டுப் போயிடுவார், அப்புறம் ஃப்ரான்சைஸ்னு ஒரு ரூல் எதுக்கு? ஃப்ரான்சைஸுக்கு ஆடினது மட்டும்னு வச்சுப் பாருங்க, பாஸ்டனுக்கு வர்ற ரூத் வேற ஆளு, பிட்ச்சரா ஜெயிச்ச 94 மேட்ச்ல 89 அங்கதான். யாங்கீஸ்காரருக்கு முன்னாடி பாஸ்டன்காரர் அந்த பிட்ச்சரை எடுக்கலாமா, எடுத்தா யாங்கீஸுக்கு 659 போச்சே, பொறாமைலயே எடுப்பாரா! டிராஃப்ட்ல இதுதானே மஜா. அதனால உங்க மெயின் ஷீட்ல ஒரு வரின்னா ஐடி ப்ளஸ் ஃப்ரான்சைஸ், பேட்டிங் பிட்ச்சிங் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல.

ஃப்ரான்சைஸ்னா ஊர் பேர் கிடையாது, இங்கதான் பாதிப் பேர் விழுவாங்க. ஹேங்க் ஆரன் மில்வாக்கிக்கு ரெண்டு தடவை ஆடினார், முதல் மில்வாக்கி பிரேவ்ஸ், அது 1966-ல அட்லாண்டா போயிடுச்சு, அந்தக் கணக்குல 733 ஹோம் ரன். கடைசில ஆடின மில்வாக்கி ப்ரூவர்ஸ் வேற ஃப்ரான்சைஸ், அங்க 22. வாஷிங்டன் இன்னும் மோசம், பழைய செனட்டர்ஸ் 1961-ல மினசோட்டா ட்வின்ஸ் ஆச்சு, அதே வருஷம் வந்த புது செனட்டர்ஸ் 1972-ல டெக்ஸஸ் போச்சு, இப்ப இருக்கிற நேஷனல்ஸ் மாண்ட்ரியல்ல இருந்து வந்தது. ஆக 417 மேட்ச் ஜெயிச்ச வால்டர் ஜான்சன், டீம் மினசோட்டா போறதுக்கு 15 வருஷம் முன்னாடியே செத்துப் போனவர், ட்வின்ஸ்காரருக்குத்தான் சொந்தம். இத உங்க குரூப்ல சொல்லாதீங்க, பேசாம ட்வின்ஸை நீங்களே எடுத்துக்கங்க. லாமன்ல ஃப்ரான்சைஸ் ஐடி தனியா இருக்கு, டீம் ஐடிய அதோட கோத்துக்கணும்.

தராசு விஷயம் சுருக்கமா. 1930-ல நேஷனல் லீக் முழுசுக்கும் சேர்த்து பேட்டிங் ஆவரேஜ் (ஆடின வாய்ப்புல எவ்வளவு பங்கு ஹிட் ஆச்சுங்கிறது) .303. 1968-ல அமெரிக்கன் லீக்ல முதலா வந்த யஸ்ட்ரெம்ஸ்கியோட ஆவரேஜ் .301! பிட்ச்சர்ங்க அவ்வளவு ஆட்டம் காட்டினதாலதான் அடுத்த வருஷமே பிட்ச்சர் நின்னு வீசுற மேட்டை 15 இன்ச்ல இருந்து 10-க்கு இறக்கினாங்க. 1913-ல 12 ஹோம் ரன் அடிச்சே லீக்ல முதலா வந்தார் ஃப்ராங்க் பேக்கர். அதனால வெறும் நம்பரை வைக்காதீங்க, அதே வருஷம் அதே லீக்கோட சராசரியை 100-னு வச்சு, அவர் எவ்வளவுன்னு போடுங்க. மேட்டும் பந்தும் எப்படி இருந்தாலும் அதுல அடிபட்டுப் போயிடும். சேவ் (கடைசில வந்து ஜெயிக்கிற மேட்சைக் காப்பாத்துற பிட்ச்சருக்குக் குடுக்கிறது) கணக்கை தூக்கிடுங்க, அது 1969-லதான் அதிகாரபூர்வமா வந்தது, பழைய பிட்ச்சர்ங்க அதுக்காக ஆடவே இல்ல.

ஒரே ஒரு குறை. இப்ப இருக்கிற ஃப்ரான்சைஸ் மட்டும்னா ஜாஷ் கிப்சன் எந்த ஷீட்லயும் வர மாட்டார். 2024-ல கறுப்பின ஆட்டக்காரங்களுக்குத் தனியா இருந்த நீக்ரோ லீக் கணக்கையும் சேர்த்தப்பதான் .372-ஓட டை காப்பைத் தாண்டி ஆவரேஜ்ல முதல் ஆனார். பதினொண்ணாவதா ஒரு ஆள் கிடைச்சா கிப்சன் ஆடின ஹோம்ஸ்டெட் க்ரேஸை அவர்கிட்ட குடுத்துடுங்க. டிராஃப்ட் முடிஞ்சதும் ரூத் யார் கைக்குப் போனார்னு மட்டும் எழுதுங்க.