கழுகுக் கண்ணும் கண்கொத்திப் பாம்பும்: எதை எங்கே எழுதுவது?

கேள்வி: எங்கள் அலுவலக இதழில் சக ஊழியர் ஒருவரைப் பாராட்டி நான்கு வரி எழுத வேண்டும். ஆண்டுக் கணக்கில் யார் கண்ணிலும் படாத பிழை ஒன்றை அவர் கண்டுபிடித்தார். "கழுகுக்கண் கணக்காளர் பிழையைக் கண்டுபிடித்தார்" என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் ஒட்டவில்லை. "விழிப்புணர்வுள்ள கணக்காளர்" என்று மாற்றலாமா? கழுகுக்குப் பின் ஒற்று வருமா?

பதில்: ஒட்டாததற்குக் கழுகு காரணம் அல்ல, அதை உட்கார வைத்த இடம்தான் காரணம். கூர்மை என்ற பண்பு தமிழில் நேரடியாக ஆளுக்கு அடையாவது அரிது. கண்ணுக்கும் பார்வைக்கும் அடையாகி, அங்கிருந்து ஆளிடம் வந்து சேரும். "கூர்மையான காவலர்" என்றால் நாக்கு இடறுகிறது. "கூர்மையான பார்வையுள்ள காவலர்" என்றால் இடறவில்லை. அதே வழியில் "கழுகுக் கண் கொண்ட கணக்காளர்" என்று எழுதினாலே உங்கள் வாக்கியம் நிமிர்ந்துவிடும். அதைவிட இயல்பானது நான்காம் வேற்றுமை: "அவருக்குக் கழுகுக் கண்." பேசும்போது எல்லோரும் இப்படித்தான் சொல்கிறோம். பேனாவை எடுத்ததும்தான் பெயருக்கு முன்னால் எதையாவது ஒட்டியே தீர வேண்டும் என்று தோன்றிவிடுகிறது.

விழிப்புணர்வு வேண்டாம். அது ஒரு விஷயத்தைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பது. சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வு, நோய்த் தடுப்பு விழிப்புணர்வு என்று வரும். அதைக் காவலருக்கும் கணக்காளருக்கும் சூட்டுவது இப்போது பரவலாகிவிட்ட பிழை. வெறும் "விழிப்பு" வேறு. அது ஆளின் நிலையைச் சொல்வதால் ஆளோடு நேரடியாகவே சேரும்: "விழிப்பான காவலர் இருந்ததால் தீ பரவவில்லை", "எல்லையில் வீரர்கள் விழிப்புடன் இருந்தனர்." ஆனால் விழிப்பு இனி வரப்போவதற்காகக் காத்திருப்பது. கூர்மையோ, ஏற்கெனவே கண்முன் கிடந்தும் மற்றவர்கள் தாண்டிப்போனதைப் பார்ப்பது. உங்கள் கணக்காளர் பார்த்தது இரண்டாவது வகை.

"உன்னிப்பு" செயலோடுதான் உறவாடும். "உன்னிப்பாகக் கவனித்தார்" என்பதில் உயிர் இருக்கிறது, "உன்னிப்பான கணக்காளர்" என்பதில் இல்லை. "கூரிய பார்வை" என்றால் சில இடங்களில் முறைப்பு என்றும் பொருள்படும். "கூரிய பார்வையால் அவரைத் துளைத்தார்" என்று கதைகளில் வருவது அதுதான். "கூர்நோக்கு" அழகான சொல், ஆனால் செய்தித்தாள் படிப்பவருக்கு உடனே சிறார் கூர்நோக்கு இல்லம் நினைவுக்கு வரும். பாராட்டுக் குறிப்பில் அதைத் தவிர்ப்பது நல்லது. "கண்ணும் கருத்துமாக" என்பதில் கூர்மையைவிடப் பரிவுதான் தூக்கலாகத் தெரியும். நோயாளியைப் பார்த்துக்கொண்டவருக்கு அது பொருந்தும்.

இனி உயிரினங்கள். கழுகின் கண்ணுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. விழித்திரையில் மிகத் தெளிவாகப் பார்க்கும் குழி மனிதனுக்குக் கண்ணுக்கு ஒன்று, கழுகுக்கு இரண்டு. பெரிய கழுகுகளின் பார்வைத் தெளிவு நம்முடையதைப்போல் 2 மடங்குக்கும் மேல். ஆனாலும் தமிழ் வழக்கில் கழுகு முழு நல்லவன் அல்ல. "கழுகுக்கு மூக்கில் வியர்த்தது போல" என்பது ஆதாயம் இருக்கும் இடத்தில் சரியாக வந்து நிற்பவரைக் குத்துவது. "சொத்தின்மீது கழுகாக வட்டமிடுகிறார்கள்" என்பதில் வசையே மிச்சம். ஆகவே கண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "அவர் ஒரு கழுகு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

பருந்துக்குத் தாவினால் இன்னொரு சிக்கல். "பருந்துப் பார்வை" என்பது இன்று உயரத்திலிருந்து மொத்தத்தையும் ஒரே வீச்சில் பார்ப்பது; சின்னப் பிழையைப் பிடிப்பதற்கு நேர் எதிர். நூற்பாக்களை வரிசைப்படுத்தும் முறைகளுக்கு உவமை சொல்ல வந்த நன்னூலும் பருந்துக்கு வீழ்வைத்தான் கொடுத்தது. நோக்கு சிங்கத்துக்குப் போனது. முன்னும் பின்னும் திரும்பிப் பார்க்கும் அந்த அரிமா நோக்கு கணக்குத் தணிக்கைக்குக் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் அலுவலக இதழில் அதை எழுதினால் விளக்கவுரையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

கண்கொத்திப் பாம்பு என்பது பச்சைப் பாம்பு. அது கண்ணைக் கொத்தும் என்பது கட்டுக்கதை. இமையே இல்லாததால் பாம்பு கண் சிமிட்டாது என்பது உண்மை. உவமைக்குப் பலம் அங்கிருந்துதான் வருகிறது: "தேர்வு அறையில் கண்கொத்திப் பாம்பாக நின்றார்." இதில் கண்காணிப்பும் கண்டிப்பும் உண்டு, கனிவு கிடையாது. மேற்பார்வையாளரைப் பற்றி மற்றவரிடம் சொல்லலாம், அவருக்கே வாசித்துக் காட்டும் பாராட்டுரையில் வேண்டாம். கொக்கு வேறு கதை. உறுமீன் வரும்வரை வாடியிருக்கும் கொக்குக்குப் பெருமை பொறுமையில்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவதோ மெல்லிய கேலி கலந்தது, வினையோடு மட்டுமே வரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் ஆலோசனை: அடைமொழியை ஒரு தடவையோடு முடித்துக்கொண்டு, அவர் என்ன பார்த்தார் என்பதை எழுதுங்கள். பிழை என்னவென்று நீங்கள் சொல்லவில்லை, அதனால் ஒரு மாதிரி தருகிறேன். "கூட்டுத்தொகையில் 27 ரூபாய் உதைத்தது. 27 என்பது 9ஆல் வகுபடுகிறதே என்று யோசித்தவர், இலக்கங்கள் இடம் மாறியிருக்கும் என்று வரி வரியாகத் தேடினார். 69 என்று இருக்க வேண்டிய இடத்தில் 96 இருந்தது. அவருக்குக் கழுகுக் கண்." இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9ஆல் வகுபடும் என்பது கணக்காளர்கள் அறிந்த பழைய சூட்சுமம்; தெரியாதவர்களுக்கும் வாக்கியத்தைப் படித்ததுமே அவருடைய கூர்மை புரிந்துவிடும்.

ஒற்று வரும். கழுகினது கண் என்று விரித்தாலும், கழுகின் கண் போன்ற கண் என்று விரித்தாலும் மிகத்தான் செய்யும்: கழுகுக் கண், கழுகுப் பார்வை. பிரித்தும் எழுதலாம், சேர்த்தும் எழுதலாம். ஒரே குறிப்பில் இரண்டையும் கலக்க வேண்டாம். "கூர்ந்து கவனித்தார்" என்பதில் மட்டும் ஒற்று கிடையாது. "உற்றுப் பார்த்தார்" என்பதில் உண்டு.